ஒன்னேகால் மணி நேர தூரம்

– செருப்பக் கழட்டாதே. அங்கனயே நில்லு.

– என்னக்கா இது, வந்ததும் வராததுமா?

– படியில கால வெச்சே, தனுஷ்கோடி, கூடப்பொறந்தவன்னு பாக்க மாட்டேன்.

– கையில தாம்பாளத்தோட நிக்கிறேன்க்கா. தாய்மாமன் சீரு. பட்டு, வளையலு, பூவு, எல்லாம் மெட்ராஸுல வாங்குனது. இதையாவது வாங்கி உள்ள வை.

– அந்த உரலு மேல வை. அதுக்கு மேல ஒரு எட்டு எடுத்து வைக்கக் கூடாது.

– மெதுவாப் பேசு. தெருவே பாக்குது.

– பாக்கட்டும். ஏரோப்ளேன்ல வந்த மனுஷன் எப்படி இருப்பான்னு பாக்க இவுகளுக்கும் ஆசை இருக்கும்ல. நல்லாத் திரும்பி நில்லு. எல்லாரும் பாத்துக்கிரட்டும்.

– விஷயம் என்னன்னா, ப்ளேன் லேட்டு. மீனம்பாக்கத்துலயே உக்கார வெச்சுட்டான்.

– ப்ளேனு லேட்டு. சரி. வெள்ளிக்கிழமையில இருந்தா லேட்டு? இன்னைக்கு என்ன கெழம?

– திங்கக்கிழம.

– எந்தங்கச்சி மகளா, எதிர்த்த வீட்டுப் புள்ளையா, யாருக்கு வெள்ளிக்கிழம தலைக்குத் தண்ணி ஊத்துறதா இருந்துச்சு?

– உம் மக ராமலட்சுமிக்குத்தான். எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழம ஆபீசுல பெரிய மீட்டிங்கு. பம்பாயில இருந்து ஆளுக வந்திருந்தாக. ஞாயித்துக்கிழம வாரேன்னு தந்தி குடுத்தேன்ல?

– குடுத்தே. அந்த இங்கிலீசுத் தந்திய வாசிக்க ஆளில்லாம அதையும் அவதான் வாசிச்சா. அந்தா, அந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, அவளுக்கு வந்த தந்திய அவளே வாசிச்சா. ஞாயித்துக்கிழமயும் வந்துச்சு. நீ வரல.

– ஞாயித்துக்கிழம மதுரை ப்ளேன் இல்லைன்னு எனக்குத் தெரியாது. போயி கேட்டப்பதான் சொன்னான்.

– பஸ்ஸு உண்டா இல்லையான்னு தெரியாமெ எங்க ஊருல ஒரு மாடு மேய்க்கிறவன்கூடக் கெளம்ப மாட்டான். சனிக்கிழம ராத்திரி எழும்பூர்ல ரயிலு இருந்துச்சா இல்லையா?

– இருந்துச்சு.

– முன்ன அதுலதானெ வருவே? ராத்திரி பூராக் குத்தவெச்சுக்கிட்டே வந்து, விடியால விருதுநகர்ல எறங்கி, பாலவனத்தம் வழியா பஸ்ஸேறி, கண்ணெல்லாம் ரத்தமாச் செவந்து போயி இதே வாசல்ல வந்து நிப்பே. வருஷத்துக்கு மூணு தடவ. தீவாளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் பொங்கலுக்கு. ஒரு தடவ தப்புனது கெடையாது.

– அப்ப வேலை சின்ன வேலைக்கா.

– அப்ப தூரம் பெரிய தூரம். அதனால நேரத்தோட கெளம்புனே. இந்த ஒன்னேகால் மணி நேரம் வந்துச்சு பாரு, அன்னைக்கோட போச்சு. போன வருஷம் ஒரு கடுதாசி எழுதுனியே, என்ன எழுதுனே? நெனப்பிருக்கா?

– விடுக்கா.

– விட மாட்டேன். "அக்கா, இனிமே மெட்ராஸும் மதுரையும் பக்கத்துப் பக்கத்து ஊரு, ஒன்னேகால் மணி நேரந்தான், நீ ஒல வெச்சுட்டுக் கூப்புட்டா சோறு வடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்." இப்படித்தானெ எழுதுனே? அதுக்கப்புறம் ஒரு நல்ல நாளு பெரிய நாளுக்கு வந்தியா? எப்ப வேணாலும் வரலாம், எப்ப வேணாலும் வரலாம்னு, எப்பவுமே வரல.

– ஒரு வருஷமா வேலை கழுத்த நெரிக்குது.

– நெலாவுக்குப் போனவன் இருக்கான்ல? பஞ்சாயத்து ரேடியோவுல சொன்னாக. அவன் அம்புட்டுத் தூரம் போயி, எறங்கி, மண்ண அள்ளிக்கிட்டு எட்டாம் நாளு வீட்டுக்கு வந்துட்டான். உனக்குத் தந்தி குடுத்து இன்னைக்கோட எத்தன நாளாச்சு?

– பழி சொல்லணும்னு முடிவு பண்ணிட்டே. சொல்லு. நின்னுக்கிட்டுக் கேக்குறேன்.

– கேளு. உன்னைய வேற எதுக்கு நிக்க வெச்சிருக்கேன்? வெள்ளிக்கிழம நீ வருவேன்னு விடியக் கருக்கல்ல ஆளவிட்டுப் பச்சை ஓலை வெட்டுனோம். அந்தா, வேப்பமரத்தடியில கெடக்கு பாரு. தொட்டா நொறுங்குது. காஞ்ச ஓலையில எவனாவது குச்சுக் குடிசை கட்டுவானா? மாமன் பச்சை ஓலையில குச்சு கட்டி, மாமன் கொண்டாந்த சேலையக் குடுத்துத் தண்ணி ஊத்துனாத்தான் புள்ள வெளிய வரணும். இல்லாட்டி தெருவத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் உனக்கு நான் புதுசாச் சொல்லித் தரணுமா?

– தெரியும். அதுக்குத்தானெ வந்திருக்கேன்.

– இன்னைக்கு அவளுக்கு என்ன நாளு? அது தெரியுமா?

– என்ன?

– எட்டாம் வகுப்புப் பரீட்சை. பெரிய பரீட்சை. அருப்புக்கோட்டையில. மொத நாளு இன்னைக்கு.

– இன்னைக்கா? அடுத்த வாரம்னுல நெனச்சேன்.

– நீ நெனச்சே. ப்ளேனு ஓட்டுறவனும் உன்னைய மாதிரி நெனச்சிக்கிட்டே ஓட்டுனா எல்லாரும் நல்லாப் போயிச் சேருவீக.

– அக்கா, பரீட்சை… மணி என்ன இப்ப?

– கையில தங்கக் கலர்ல கட்டியிருக்கியே, அதுல பாரு. உங்கூருக் கடிகாரம் எங்க ஊருல ஓடாதா?

– நாலரை தாண்டிருச்சு.

– பத்து மணிக்கு மணி அடிச்சிருப்பாக. காலையில மொதப் பஸ்ஸு ஆரன் அடிச்சுச்சு பாரு, அது சத்தம் ஓயிற வரைக்கும் நான் இந்த வாசல்லயே நின்னேன். நீ அந்நேரம் மெட்ராஸுல மொகத்துக்குப் பவுடரு போட்டுக்கிட்டு இருந்திருப்பே.

– அப்ப புள்ளைய அனுப்பலையா? ஒரு ஓலைக் குச்சுக்காக, ஒரு வருஷப் படிப்பக் குழியில போட்டுட்டியா? எனக்கு இப்பத்தான் கோவம் வருது. நீயும் நாலெழுத்துப் படிச்சவதானெ? நான் வரலைன்னா என்ன? நீ ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி, போயி எழுதிட்டு வாடின்னு அனுப்ப வேண்டியதுதானெ?

– லேசா வருது உன் வாயில. ஊத்திட்டு நான் எங்கெ போறது? இந்த வீட்டுல நான் இருக்கணுமா இல்லையா? எங்க மதினி இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்காக. இங்க தாளிச்சா அங்க தும்முவாக. அவுக தம்பி, உங்க மச்சான், அக்கா கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டாக. மாமன் கைபடாத புள்ள தெருவத் தாண்டுனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அவுக சொல்லிட்டாக. இவுக தலைய ஆட்டிட்டு, சொந்தக்காரவுகளச் சொல்லிக் கூட்டியாறேன்னு மல்லாங்கிணத்துக்குப் போயிட்டாக.

– மச்சான்கிட்ட நான் பேசுறேன்.

– பேசுவே. ஒன்னேகால் மணி நேரத்துல வந்து பேசுவே. மதினி எதுக்கு இம்புட்டு ஒத்தக்கால்ல நிக்கிறாகன்னு நெனைக்கிறே? இன்பராஜுக்குக் கேக்குறாக.

– இன்பராஜா? மொளகா கமிஷன் கடையில சாக்குத் தைக்கிறானே, அவனா?

– அவுக மகன். மொறை உள்ளவன். பரீட்சை எழுதாத புள்ளைக்கு அடுத்து என்ன சோலி? சடங்கோட சடங்கா வெத்தலையும் மாத்திக்கிரலாம்கிறாக. எழுதிப் பாஸாயிட்டா உன்கிட்ட அனுப்புறேன்னு இவுக ஒருநா சொன்ன வாக்கு இருக்கு. அந்த ஒத்த வாக்கத்தான் நான் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன்.

– என் வீட்டுல தங்கிப் படிக்கட்டும்னு நான் சொன்னது அப்படியேதான் இருக்கு. அதுல மாத்தம் இல்ல.

– சொன்ன சொல்லு அப்படியேதான் இருக்கும். சொன்ன ஆளத்தான் காணோம்.

– வேற ஆளே இல்லையா இந்த ஊருல? சித்தப்பா மகன் சௌந்தரபாண்டியன் இருக்காரு. அவரும் உனக்குத் தம்பி மொறைதானெ? அவர வெச்சுக் கட்டியிருக்கலாம்ல?

– ஏலே, நீயா கேக்குறே இத? எல்லாரும் அதத்தான் சொன்னாக. அவனும் சட்டையக் கழட்டிட்டு ரெடியா நின்னான். நாந்தான் மாட்டேன்னேன். என் தம்பி உசுரோட இருக்கான், ஒன்னேகால் மணி நேர தூரத்துல இருக்கான், அவன் கையிலதான் எம்மக தண்ணி வாங்குவான்னு சபையில வீம்பாப் பேசிட்டேன். மூணு நாளா அந்தப் பேச்சத் திங்கிறேன்.

– தப்புத்தான்.

– தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இன்னைக்குப் ப்ளேனுதான் லேட்டு, சரி. எறங்குனது எப்ப?

– உச்சிப்பொழுது இருக்கும்.

– எங்க எறங்குனே?

– பெருங்குடிக்குப் பக்கத்துல. அங்கதானெ ஏரோட்ரோம் இருக்கு.

– பெருங்குடி எந்த ரோட்டுல இருக்கு?

– அருப்புக்கோட்டை ரோட்டுல.

– அப்ப ரோட்டுல வந்து கைய நீட்டுனா நம்ம பஸ்ஸு நிக்கும்ல? நேரா அருப்புக்கோட்டைதானெ?

– விஷயம் என்னன்னா, அவுக பஸ்ஸுல ஏத்திக்கிட்டாக. பெட்டியெல்லாம் அதுலதான் வரும். ப்ளேன்ல வந்தவுகள மதுரை டவுனுக்குள்ள ஆபீசுல கொண்டாந்து எறக்குறதுதான் வழக்கம்.

– வடக்க போனியா?

– போனேன்.

– தெக்க வர வேண்டியவன் வடக்க போனே. அங்க போயி காப்பி குடிச்சியா?

– ஒரு வாய் குடிச்சேன். குடுத்தாக.

– அப்புறம்?

– அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அருப்புக்கோட்டை பஸ்ஸேறி வந்தேன்.

– அந்த பஸ்ஸு எந்த வழியா வந்துச்சு? வாயத் தெறந்து சொல்லு. தெருவுல நிக்கிறவுகளுக்கும் கேக்கட்டும்.

– பெருங்குடி வழியாத்தான்.

– எறங்குன எடத்துக்கே திரும்பி வந்தே.

– ஆமா.

– அந்தப் ப்ளேனு அங்கனயே நின்னுச்சா?

– இல்ல. நாங்க தாண்டும்போது மேல ஏறிப் போயிக்கிட்டு இருந்துச்சு. மெட்ராஸுக்கு.

– நீ காரியாபட்டி வர்றதுக்குள்ள அது மெட்ராஸுக்கே போயிச் சேந்திருக்கும். நல்லா இருக்குடா. நல்லா இருக்கு. நீ அதுலயே ஏறித் திரும்பிப் போயிருக்கலாம்.

– போதும்க்கா. புள்ளைய நான் பாக்கணும். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வாரேன்.

– அங்கன போகாதே.

– ராமலட்சுமி. ஏ தாயி. மாமா வந்திருக்கேன்மா. கேக்குதா? …பேச மாட்டேங்குறாளே.

– உங்கூடப் பேச மாட்டா. கூப்புடாதே.

– அழுகுறாளா?

– அழுது முடிச்சுட்டா. அவ உன்னைய நம்புன மாதிரி நான்கூட நம்பல. பள்ளிக்கூடத்துப் படப் புஸ்தகத்துல மெட்ராஸுக்கும் மதுரைக்கும் நூலு வெச்சு அளந்தா. "அம்மா, எஞ் சுண்டுவெரல் அளவு கூட இல்லம்மா. மாமா வந்துருவாக"ன்னா. வெள்ளிக்கிழம அந்த நூல வெரல்ல சுத்திக்கிட்டே உக்காந்திருந்தா. மேல ஏதாச்சும் சத்தம் கேட்டா ஓலைய வெலக்கி வானத்தப் பாப்பா. சனிக்கிழம பாத்தா. நேத்து பாக்கல. நூலப் பிச்சு எறிஞ்சுட்டா.

– அக்கா, இதுக்கு மேல சொல்லாதே.

– ஏன், கண்ணு கலங்குதா? கலங்கட்டும். எனக்கு மூணு நாளாக் கலங்குது, உனக்கு ஒரு மணி நேரம் கலங்கட்டும். அந்தா, மதினி வாராக.

– ஏ வடிவு, நாஞ் சொல்றதக் கேளு. மெட்ராஸுத் தம்பிய இப்படி வெயில்லயா நிக்க வைக்கிறது? தண்ணி கிண்ணி குடுத்தியா?

– வாங்க மதினி. தண்ணியா குடுக்கணும் இவனுக்கு?

– வணக்கம், அத்தாச்சி.

– வாங்க தம்பி. நாஞ் சொல்றதக் கேளுங்க, வந்தது வந்துட்டீக, பொழுது சாயமுந்தி ரெண்டு பச்சை ஓலைய வெட்டிக் குச்சக் கட்டிப்புட்டா, வெளக்கு வெச்சதும் தண்ணிய ஊத்திரலாம். உங்க அக்கா தம்பி பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கிரலாம். புள்ள காலையில இருந்து சத்தமே காட்டல. இந்தா, மோரு கொண்டாந்திருக்கேன். நான் போயி குடுத்துட்டு வாரேன்.

– நில்லுங்க மதினி.

– ஏன்டி?

– மோர இங்க குடுங்க. நான் குடுத்துக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் போகாதீக.

– நான் என்ன பேயா, பிசாசா? நான் அவ அத்தை.

– நீங்க அத்தைதான் மதினி. ஆனா இது எம் பொறந்த வீட்டுச் சண்டை. சீரு கொண்டாந்தவனுக்கும் எனக்கும் நடக்குது. இது தீருறவரைக்கும் புருஷன் வீட்டு ஆளுக நடுவுல வரக் கூடாதுங்கிறது இந்த ஊரு வழக்கமா இல்லையா? உங்க சடங்குக்கு உங்க தாய்மாமன் வெள்ளிக் கொலுசுக்குப் பதிலா ஈயக் கொலுசக் கொண்டாந்தாருன்னு உங்க ஆத்தா அவர ராத்திரி பூரா வாசல்ல நிக்க வெச்சாகன்னு நீங்கதானெ சொல்லுவீக? அப்ப உங்க அத்தை உள்ள வந்தாகளா?

– வரல. வெளிய நின்னு வேடிக்கைதான் பாத்தாக.

– அப்ப நீங்களும் பாருங்க.

– நல்ல வாயிடி உனக்கு. தம்பி, இவ வாயி இப்படித்தான். நாஞ் சொல்றதக் கேளுங்க, பரீட்சை போச்சுன்னு இவளுக்கு வயித்தெரிச்சலு. போனாப் போகுது. பரீட்சை எழுதி இவ மக என்ன, மணியக்காரு வேலையா பாக்கப் போறா? சோறு பொங்கத்தானெ போறா. எம் மகன் இருக்கான்.

– அத்தாச்சி, அதப் பத்தி மச்சான் வந்ததும் பேசலாம்.

– பேசலாம் பேசலாம். நான் கொல்லையில உக்காந்து மொளகா ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். சண்ட முடிஞ்சதும் ஒரு சத்தம் குடு வடிவு.

– குடுக்குறேன் மதினி. …ஏலே கோடி, எங்கெ நழுவுறே? நான் இன்னும் முடிக்கல.

– நீ முடிக்கவே மாட்டே. நான் குச்சுக் கட்டப் போறேன். அந்தம்மா சொன்னது ஒன்னு சரி. இருட்டுறதுக்குள்ள கட்டிட்டா, இன்னைக்கே தண்ணி ஊத்தி, நாளைக்காவது அவள மிச்சப் பரீட்சைக்கு அனுப்பலாம். மொதப் பேப்பர் போனாப் போகட்டும். நானே ஹெட்மாஸ்டர் கால்ல விழுகுறேன்.

– பேசிக்கிட்டு இருக்கையில எங்கடா போறே?

– தட்டிய எடுத்தாத்தானெ குச்சு நட எடம் கெடைக்கும்.

– தட்டியத் தொடாதே. தனுஷ்கோடி, சொல்றேன், தொடாதே. நான் இன்னும் பேசி முடிக்கலைங்கிறேன்ல?

– நீ விடியிற வரைக்கும் பேசு. ஒரு வருஷத்துக்குப் பேசு. எல்லாம் நான் பண்ணுனதுதான். ஆனா இந்தப் புள்ள எம் மொகத்தப் பாத்து, மாமா நீ எக்கேடும் கெட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அத வாங்கிக்கிட்டுத்தான் ஓலை வெட்டப் போவேன். தாய்மாமன் தட்டிய வெலக்குனா தப்பில்ல. …ராமலட்சுமி, மாமா தட்டிய எடுக்குறேன்மா.

– வேண்டாம்டா.

– அக்கா. இது பருத்திச் சாக்கு.

– மெதுவா.

– தாவணியப் போத்தி உக்கார வெச்சிருக்கே. புள்ள எங்கெக்கா?

– தட்டிய இருந்த மாதிரி சாத்து. கொல்லைப் பக்கம் திரும்பாதே, மதினிக்கு ரெண்டு காதும் இங்கதான் இருக்கு. நேத்து ராத்திரி அவ தலையில தண்ணிய நாந்தான் ஊத்துனேன். கருக்கல்ல அற்புதமேரி டீச்சரம்மா வந்து மொதப் பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. இந்நேரம் எழுதி முடிச்சிட்டு வீரசோழன் போற பஸ்ஸுல வந்துக்கிட்டு இருப்பா. அவ சந்து வழியா வந்து இந்தத் தட்டிக்குப் பின்னால உக்காந்த பெறகு நீ குச்சக் கட்டு, எல்லாரு முன்னாலயும் தண்ணி ஊத்தலாம், நாளைக்கு முன்வாசல் வழியாவே பரீட்சைக்குப் போவா. உன்னையத் திட்டுனது பூராவும் நெசந்தான், அதுல ஒரு சொல்லக்கூட நான் திருப்பி எடுக்க மாட்டேன். சண்டை ஓயாத வரைக்கும் மதினி தட்டிப் பக்கம் வர மாட்டாக, இப்ப தள்ளி வந்து நின்னு நீ என்னையத் திட்டு தம்பி, தெரு பூராக் கேக்குற மாதிரி திட்டு. பஸ்ஸு வர இன்னும் அரை மணி நேரம் கெடக்கு, எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு.